இரண்டு நாள் பயணம், ஐந்து வாரத் தண்டனை

கடிதம் சொல்வது

வாசகருக்கு வயது 46. பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தபோது அவருடைய ஹெச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.6, எடை 84 கிலோ. தினமும் காலையில் 45 நிமிட நடை, இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு, இனிப்பு அறவே இல்லை என்று இருந்து எட்டு மாதத்தில் 6.7-க்கும் 76 கிலோவுக்கும் கொண்டுவந்துவிட்டார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை இரண்டு வேளை, காலையில் கிளிமெபிரைட் மாத்திரை 1 மி.கி. எடுத்துக்கொள்கிறார்.

போன ஆண்டு மனைவியோடு வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு மாலை திரும்புகிற மாதிரி ஒரு நகரப் பயணம் போயிருக்கிறார். முதல் நாள் முழுக்க வீட்டிலிருந்து டப்பாவில் எடுத்துப்போனதைத்தான் சாப்பிட்டாராம். மனைவி கேக் வாங்கித் தனியாகச் சாப்பிட, இவர் எதிரே உட்கார்ந்து அதில் எத்தனை கிராம் சர்க்கரை இருக்கும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். (இதை அவரே எழுதியிருக்கிறார். நேர்மைக்கு ஒரு பாராட்டு.) இரண்டாம் நாள் மதியம் பஃபே மேசையில் ஒரே ஒரு இனிப்பை வாயில் போட்டவர், "எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு" என்று மூன்று தட்டு சாப்பிட்டிருக்கிறார். திங்கள்கிழமை காலையில் எடை 2.3 கிலோ கூடியிருந்தது. மனசு விட்டுப்போய், அடுத்த ஐந்து வாரம் நடையும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. அதன்பின் பார்த்த ஹெச்பிஏ1சி 7.3. மறுபடியும் போராடி இப்போது 6.8-இல் இருக்கிறார்.

அடுத்த மாதம் திருமண நாளுக்காக மனைவி மீண்டும் இரண்டு இரவுப் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறார். கூடவே, "இந்தத் தடவையும் டப்பா தூக்கிட்டு வர்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் தனியாவே போயிட்டு வந்துடறேன்" என்றும் சொல்லியிருக்கிறார். வாசகர் ஒரு திட்டம் வைத்திருக்கிறார். புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாள் வெறும் திரவ உணவு, விருந்து வேளையில் கிளிமெபிரைட் ஒன்று கூடுதல், நாளுக்கு இருபதாயிரம் அடி நடை. இது சரியா, கொஞ்சம் மது அருந்தலாமா, எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக்கூடாது என்று ஒரு பட்டியல் கிடைக்குமா என்பது அவர் கேள்வி.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

பட்டியல் தரப்போவதில்லை. போன முறையும் உங்களிடம் பட்டியல் இருந்தது, அது ஒரு இனிப்பு வரைக்கும்தான் தாங்கியது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். நீங்கள் அந்த இரண்டு நாளைக் கண்டு பயப்படுகிறீர்கள். எனக்கோ அதற்கு முந்தைய மூன்று நாளையும் பிந்தைய ஐந்து வாரத்தையும் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

முதலில் அந்த 2.3 கிலோவை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. 2.3 கிலோ கொழுப்பு சேர வேண்டும் என்றால், உடல் செலவழித்தது போக 17,000 கலோரிக்கு மேல் மிச்சம் இருந்திருக்க வேண்டும். மூன்று தட்டில் அது வராது, முப்பது தட்டு வேண்டும். அப்படியானால் எடை இயந்திரம் எதைக் காட்டியது? பெரும்பாலும் தண்ணீரைத்தான். மாவுச்சத்து அதிகமாக உள்ளே போகும்போது உடல் அதில் ஒரு பகுதியைக் கிளைகோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்டு வந்தவருக்கு இந்தக் கிடங்கு பாதி காலியாக இருக்கும், ஒரே விருந்தில் நிரம்பும். போதாததற்கு வெளிச்சாப்பாட்டு உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வெளியில் இரண்டு வேளை சாப்பிட்டாலே அதைத் தாண்டிவிடுவது எளிது. அந்த உப்பும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். வழக்கத்துக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் இதெல்லாம் தானாக வடிந்துவிடும். நீங்கள் திரும்பவில்லை என்பதால் அது வடிவதைப் பார்க்கவும் இல்லை.

அடுத்தது 7.3. "அந்த இரண்டு நாளில் என் எட்டு மாத உழைப்பு வீணானது" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. இந்தச் சோதனை பார்ப்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை. அந்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஹெச்பிஏ1சி என்பது சுமார் மூன்று மாதச் சராசரி, அதிலும் கடைசி மாதத்துக்குப் பங்கு அதிகம். அந்தச் சராசரியில் இரண்டு நாள் கண்ணுக்கே தெரியாது. ஐந்து வாரம் நன்றாகத் தெரியும். பழியை ஒரு சனி ஞாயிறின் மேல் போட்டுவிட்டீர்கள், ஆனால் எண்ணை ஏற்றியது அதற்குப் பின் வந்த 35 நாள்.

ஒரு இனிப்பு ஏன் மூன்று தட்டானது

இதை மன உறுதி இல்லாததன் அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், பிறகு ஐஸ்கிரீமை வைத்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். உணவில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கடுமையான கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ நேர்மாறாக, மில்க்‌ஷேக் குடித்திருந்தால் இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்துவிட்டது, இனி எதற்குக் காவல் என்ற எண்ணம்தான். நீங்கள் பஃபே மேசையில் சொன்ன அதே வாக்கியம்.

ஆக, "இனிப்பு அறவே கூடாது" என்ற விதியே அந்த மூன்று தட்டுக்கு ஒரு காரணம். வீட்டில், உங்கள் வழக்கத்துக்குள், அந்த விதி வேலை செய்கிறது. அங்கே அதை மாற்றச் சொல்லவில்லை. பயணத்துக்கு மட்டும் வளையக்கூடிய விதி ஒன்று வேண்டும்.

இன்னொரு செய்தியும் உங்களுக்கு ஆறுதல் தரலாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து, ஒரு புதிய பழக்கம் எப்போது தன்னிச்சையாக நடக்கத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் கணக்கு மாறியது. நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. உங்கள் காலை நடைக்கு அந்த 66 நாளைப் போல் பல மடங்கு வயதாகிவிட்டது. இரண்டு நாள் இல்லாவிட்டால் அது செத்துப்போகாது.

என் கவலை இனிப்பில் இல்லை, தாமதமான மதியச் சாப்பாட்டில்

இந்தப் பகுதியை மட்டும் மனைவியையும் படிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எடுக்கும் இரண்டு மாத்திரைகளும் ஒரே சுபாவம் கொண்டவை அல்ல. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமெபிரைட் அப்படியில்லை. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. அதன் வேலை நாள் முழுக்க நீடிக்கும்.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். மூன்று நாள் திரவ உணவு, ஆனால் காலையில் வழக்கம்போல் கிளிமெபிரைட். இது லோ சுகரை வாசலில் நின்று அழைப்பது. அதையும் தாண்டி ஊர் போய்ச் சேர்ந்தால், காய்ந்த வயிற்றோடு பஃபே முன்னால் நிற்பீர்கள், போன முறையை விட மோசமான நிலையில். பட்டினி வேண்டாம். புறப்படும் நாள் வரை எப்போதும்போல் சாப்பிடுங்கள்.

விருந்துக்கு ஒரு மாத்திரை கூடுதல் என்பது அதை விட ஆபத்தான யோசனை. ஒரு துண்டு கேக் ஏற்றும் சர்க்கரை இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். அதற்காகப் போட்ட மாத்திரை அதற்குப் பின்னும், நீங்கள் தூங்கும்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். (மெட்ஃபார்மினைக் கூட்டலாமா என்று அடுத்து கேட்காதீர்கள். அன்றைய விருந்துக்கு அது உதவாது. வயிற்றைக் கலக்கி, ஊர் சுற்ற விடாமல் அறையிலேயே உட்காரவைக்கத்தான் உதவும்.)

கடைசியாக இருபதாயிரம் அடி. உங்கள் 45 நிமிட நடை ஏறக்குறைய ஐந்தாயிரம் அடி. அதை ஒரே நாளில் நாலு மடங்காக்கினால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், நடந்து முடித்த பிறகும், அன்று இரவிலும்கூட. நடை நல்லதுதான், தண்டனையாக வேண்டாம். அடி எண்ணிக்கையில் இவ்வளவு பக்தியும் தேவையில்லை. பத்தாயிரம் அடி என்ற எண்ணே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவர்கள் யாரும் அளந்து சொன்னதல்ல.

நகரப் பயணத்தில் நடப்பது இதுதான். காலையில் மாத்திரை போட்டுக் கொஞ்சமாகச் சாப்பிட்டு இறங்குவோம். ஒரு இடத்தில் வரிசை, அடுத்த இடத்தில் வழி தெரியாமல் அலைச்சல், "இன்னும் ஒரே ஒரு இடம் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம்" என்று மதியம் மூன்றாகிவிடும். அப்போது வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். கூட இருப்பவர் அதைக் களைப்பு என்றோ கோபம் என்றோ நினைத்துக்கொள்வார். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். டயட் குளிர்பானத்தில் சர்க்கரையே கிடையாது. சரியானதும் ஒழுங்காக ஒரு வேளை சாப்பிட வேண்டும். விழுங்க முடியாத அளவுக்கு மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இது உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

எனவே கிளிமெபிரைட்டைச் சாப்பாடு கண் முன்னால் வந்த பிறகு போடுங்கள், காலைச் சாப்பாடு நிச்சயமில்லை என்றால் அதைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்காதீர்கள். அந்த இரண்டு நாளும் அந்த மாத்திரையைக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் புறப்படும் முன் கேளுங்கள். உங்கள் முழுக் கோப்பும் அவரிடம்தான் இருக்கிறது, என்னிடம் இருப்பது ஒரு கடிதம். இன்சுலின் போடுபவர்களும் வேறு மாத்திரை எடுப்பவர்களும் இதை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

மது

குடிக்கும் பழக்கம் இல்லை என்றால் பயணத்தை முன்னிட்டுத் தொடங்காதீர்கள். ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது. எப்போதாவது அருந்துபவர் என்றால், உங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கல்லீரல் மதுவைக் கழிக்கும் வேலையில் இறங்கிவிட்டால், சர்க்கரை இறங்கும்போது புதிதாகச் சர்க்கரை தயாரித்துக் கொடுக்கும் வேலையைச் சரியாகச் செய்யாது. கிளிமெபிரைட்டும் இருக்க, நாள் முழுக்க நடந்தும் இருக்க, வெறும் வயிற்றில் குடித்தால் நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோ லோ சுகர் வரலாம். நடுக்கமும் உளறலும் போதை மாதிரியே தெரியும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். குடித்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள், சாப்பாட்டோடு குடியுங்கள், படுக்கும் முன் சர்க்கரை பாருங்கள். பீரா, விஸ்கியா என்ற உங்கள் கேள்விக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது பதில்.

சரி, அப்புறம் எப்படித்தான் சாப்பிடுவது?

இரண்டு நாளில் ஆறு வேளைச் சாப்பாடு வரும் என்று வைத்துக்கொள்வோம். அதில் எந்த இரண்டு வேளை விருந்து என்பதை வீட்டிலேயே, மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்த இரண்டிலும் கணக்குப் பார்க்க வேண்டாம். மற்ற நான்கும் உங்கள் வழக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். விடுதிக் காலை உணவில் முட்டை, காய்கறி, பருப்பு வகை ஏதாவது கிடைத்தால் அதில் தொடங்குங்கள். வாய்க்கு ருசியே இல்லாமல், "காசு கொடுத்தாச்சே" என்பதற்காகச் சாப்பிடுவதுதான் பயணத்தில் பாதி. அதைத் தாராளமாக விட்டுவிடலாம். பழச்சாற்றையும் விடுங்கள், ஆரோக்கியம் என்ற பெயரில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் சாமான் அது. லோ சுகருக்கு அதைக் கொடுப்பதே அதனால்தான்.

பஃபே என்றால் முதலில் தட்டு எடுக்காமல் ஒரு சுற்று வாருங்கள். ஒரே சுவை திரும்பத் திரும்ப வாயில் பட்டால் அதன் மேலுள்ள ஆசை சீக்கிரம் குறையும், புதிய சுவை வந்தால் பசி மறுபடி எழும். பஃபேயின் தந்திரமே இதுதான். நானும் மருத்துவ மாநாடுகளில் இதற்குப் பலியாகிறவன்தான், அதனால் உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடித்த மூன்று நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்துவிடுங்கள். காய்கறி, புரதம் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்ற வரிசையில் சாப்பிட்டால் அதே சாப்பாட்டுக்கு சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. வெளியே தெரியாமல் செய்யக்கூடிய காரியம் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும்.

இனிப்பு? சாப்பிடுங்கள். மேசையில் கண்ணில் பட்டதை அல்ல, நிஜமாகவே ஆசைப்பட்டதை. ஒரு தட்டு வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். சாப்பிட்டு எழுந்ததும் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்து வாருங்கள். உண்ட பின் நடக்கும்போது தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ஓட்டமும் வேர்வையும் தேவையில்லை, கடை கடையாக வேடிக்கை பார்ப்பதும் நடைதான்.

சின்ன விஷயங்கள் சில. புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம், இரவில் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரையும் குளுக்கோமீட்டரும் தோள்பையில் இருக்கட்டும், அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது, பலருக்கும் அப்படித்தான். மாலைக்குப் பிறகு காபியைத் தவிர்த்தால் கொஞ்சம் உதவும்.

மனைவி சொன்னது

"சாப்பிடு, ஒரு நாள்தானே" என்று வற்புறுத்துபவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்கள் மனைவி வற்புறுத்தியதாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. நீங்கள் கேக் சாப்பிடவில்லை என்பதற்காக அவர் கோபித்ததாக எனக்குத் தோன்றவில்லை. தன் கேக்குக்கு எதிரே ஒரு கணக்கு வாத்தியார் உட்கார்ந்திருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அடுத்தவர் தட்டில் உள்ளதன் கலோரியை இந்தப் பயணத்தில் ஒரு முறைகூடச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். டப்பா வேண்டாம். அவசரத்துக்கு ஒரு கைப்பிடிப் பருப்பு வகை, ஒரு பழம், ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை, இவை பையில் இருந்தால் போதும். அவரே எடுத்து வைப்பார் என்று நினைக்கிறேன். மதியச் சாப்பாடு இரண்டு மணியைத் தாண்டக்கூடாது என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். உங்களிடமிருந்து அவர் அனுசரிக்க வேண்டிய விஷயம் அது ஒன்றுதான்.

திங்கள்கிழமை காலையில் எழுந்து வழக்கமான நேரத்துக்கு நடக்கப் போங்கள். உடம்பு அலுப்பாக இருந்தால் இருபது நிமிடம் போதும், ஆனால் போய்விடுங்கள். சாப்பாடும் அன்றே வழக்கத்துக்கு வந்துவிடட்டும், பட்டினி போட்டு ஈடுகட்ட வேண்டாம். எடை இயந்திரத்தைப் புறப்படும் முன்பே மனைவியிடம் கொடுத்து, திரும்பி வந்து ஒரு வாரம் கழித்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டாலும் தரவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.